தோழி இல்லாத தலைவி

தமிழ் இலக்கிய வினாத்தாள்களில் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: ‘பாத்திரப் படைப்பை விளக்குக.’ ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில் வரும் கல்லூரி மாணவியைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டால் விடைத்தாள்களில் மூன்று சொற்கள் தவறாமல் வந்துவிடும்: அமைதி, அடக்கம், பணிவு. சிலர் நான்காவதாக ‘அப்பாவி’ என்று சேர்ப்பார்கள். மதிப்பெண் குறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. கதை அவளை அப்படித்தான் காட்டுகிறது.

ஆனால் இந்தச் சொற்களை எழுதும் மாணவிகளுக்கும் இதே சொற்கள்தான் சூட்டப்பட்டிருக்கின்றன. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கல்லூரிக்கு வரும் பெண்களில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்தவர்கள். மயிலம், மரக்காணம், செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒன்று இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். ‘நல்ல பொண்ணு, தலை நிமிராது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது’ என்பதுதான் ஊரில் அவர்களைப் பற்றிய நற்சான்று. அந்தச் சான்று கையில் இருக்கும் வரைக்கும்தான் படிப்பு. ஒரு புகார், ஒரு வதந்தி, பஸ் நிறுத்தத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒரு செய்தி போதும். இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்றுவிடும். அப்படியானால் அமைதியும் அடக்கமும் இவர்களுடைய குணங்களா, வீட்டைவிட்டு வெளியே வருவதற்கு இவர்கள் ஒவ்வொரு நாளும் கட்டும் கட்டணமா? இந்தக் கேள்வியோடு அந்தக் கதையை மீண்டும் வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

பெயரற்றவள்

‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை பெய்யும் ஒரு மாலை. பெண்கள் கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தம். கூட நின்ற மாணவிகள் ஒவ்வொருவராகப் போய்விட, ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி மிஞ்சி நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லும் இளைஞன் அவளை ஏற்றிக்கொள்கிறான். கார் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நடக்கக் கூடாதது நடந்து, அவள் வீடு திரும்பித் தாயிடம் சொல்லி அழுகிறாள். விதவைத் தாய் முதலில் அலறி அவளை அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்ததும் சுதாரித்துக்கொண்டு ஏதோ காரணம் சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தலைப்பு சீதையின் தீக்குளிப்பைச் சொல்கிறது. கதையில் இருப்பது தண்ணீர். அந்தத் தண்ணீரையே நெருப்பாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள் தாய்.

கதை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. கெட்டுப்போனவளைத் தாய் எப்படி ஏற்றுக்கொள்ளலாம் என்று கேட்டவர்கள் ஒருபுறம், தாயின் பரிவைக் கொண்டாடியவர்கள் மறுபுறம். தாய் வாயை மூடிக்கொள்ளாமல் ஊரறியக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு விடையாக ஜெயகாந்தனே ஒரு நாவல் எழுதினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தொடராக வந்து, பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலானது. அதற்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பீம்சிங் அதைப் படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

அரை நூற்றாண்டைத் தாண்டியும் நடக்கும் இந்த விவாதத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விவாதம் முழுவதும் தாயைப் பற்றியது. தாய் செய்தது சரியா, தவறா? மறைத்தது நியாயமா, ஏமாற்றா? தண்ணீர் கொட்டினால் கற்பு திரும்புமா? அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஏன் காரில் ஏறினாள்? அதுவும் கேள்வியாகக் கேட்கப்படவில்லை, குற்றச்சாட்டாகவே கேட்கப்பட்டது. சிறுகதையில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. ‘அவள்’ என்பதோடு சரி.

ஏன் ஏறினாள்?

குற்றச்சாட்டை எடுத்துவிட்டு அதையே கேள்வியாகக் கேட்போம். பதின்வயதுப் பெண், அறிமுகமில்லாத ஆணின் காரில் ஏன் ஏறினாள்?

வழக்கமாக மூன்று விடைகள் சொல்லப்படும். மழை ஒரு விடை. காரின் பகட்டு ஒரு விடை; ஏழைப் பெண்ணின் சபலம் என்று வகுப்பில் ஆண் மாணவர்கள் உடனே எழுந்து சொல்வது இதைத்தான். அறியாமை மூன்றாவது விடை. ஜெயகாந்தன் பரிவோடு நம்மை அழைத்துச் செல்வது இந்த இடத்துக்கு. மூன்றும் ஓரளவு உண்மை. நான்காவது விடை ஒன்று கதைக்குள்ளேயே இருக்கிறது: அவள் மரியாதை தெரிந்தவள்.

அந்த இளைஞன் அவளை அதட்டவில்லை. இறங்கிவந்து, கதவைத் திறந்து, நாகரிகமாக, ஆங்கிலம் கலந்து அழைக்கிறான். வசதியானவன், படித்தவன், உதவி செய்ய வந்திருப்பவன். அவனிடம் ‘வேண்டாம், போங்கள்’ என்று சொல்வதற்கு ஒரு மொழி வேண்டும். அந்த மொழியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும், நமக்காகச் சிரமப்படுகிறவர்கள் முகம் சுளிக்கும்படி நடந்துகொள்ளக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, தெருவில் நின்று வாக்குவாதம் செய்யக் கூடாது. இவைதான் அவளுக்குக் கற்றுத்தரப்பட்டவை. இவற்றையெல்லாம் ஒழுங்காகக் கற்றுத் தேர்ந்த ஒருத்தி அந்தக் காரில் ஏறத்தான் செய்வாள். அவளைக் காரில் ஏற்றியதில் அவன் கைக்கு இருந்த பங்கைவிட அவளுடைய வளர்ப்புக்கு இருந்த பங்கு பெரிது.

நம் ஊர்களில் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். வளர்ப்பு சரியில்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்பார்கள். ‘அக்கினிப் பிரவேசம்’ தன்னை அறியாமலே எதிர் உண்மையை எழுதிவைத்திருக்கிறது. வளர்ப்பு மிகச் சரியாக இருந்தது, அதனால்தான் இப்படி ஆயிற்று.

அவளுடைய பின்னணியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிராமணக் குடும்பம். தகப்பன் இல்லை. தாய் விதவைக் கோலத்தை ஏற்றவள். பல குடித்தனங்கள் உள்ள இடம். ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நாவலில் அண்ணன் கணேசன்தான் வீட்டின் ஆண். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் கல்லூரிக்கு அனுப்பப்படுவதே பெரிய சலுகை. சலுகை பெற்றவர்கள் நன்றியோடு இருக்க வேண்டும். நன்றியின் வெளித்தோற்றம்தான் அடக்கம். அவள் தலை குனிந்து நடப்பது இயல்பான கூச்சமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அதற்கு மாறாக நடந்திருந்தால் பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட வந்திருக்க முடியாது.

தோழி எங்கே?

பேசாத பெண் நம் இலக்கியத்துக்குப் புதியவள் அல்ல. சங்க அகப்பாடல்களின் தலைவியும் பதின்வயதுப் பெண்தான். அவளுக்குத் தொல்காப்பியம் வகுத்த குணங்கள் அச்சம், நாணம், மடம். இவற்றில் மடம் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. அறியாமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்று ஒரு விளக்கம் உண்டு. அதாவது மடம் பிறவிக் குணமே இல்லை, அது பயிற்சி. கற்பித்தவர் ஒருவர் இருக்கிறார், விடாமல் பிடித்துக்கொள்ளும்படி ஆக்கப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள்.

ஆனால் தலைவியை அப்படி மௌனத்தில் வைத்த அந்த மரபு, அவளுக்கு ஈடாக ஒன்றைத் தந்தது. தோழியைத் தந்தது. தலைவனிடம் கேள்வி கேட்பவள் தோழி. இரவில் வராதே என்று தடுப்பவள் தோழி. திருமணத்தைத் தள்ளிப்போடுகிறாயா என்று கடிந்துகொள்பவள் தோழி. வீட்டுக்கு உண்மை தெரிய வேண்டிய நேரத்தில் அறத்தொடு நிற்பவளும் தோழியே. தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என்று உண்மை கைமாறிப் போகும் ஒரு வழி இருந்தது. அந்த உண்மைக்கு ‘அறம்’ என்றுதான் பெயர், ‘அவமானம்’ என்றில்லை. இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகக் கொண்டாட வேண்டியதில்லை. அதன் இறுதி இலக்கு எப்போதும் திருமணம்தான். தோழிக்கு என்று சொந்தமாக ஒரு காதலோ துயரமோ கிடையாது. இருந்தும் மௌனமான பெண்ணின் பக்கத்தில் பேசுகிற பெண் ஒருத்தி வேண்டும் என்ற நடைமுறை அறிவு அதில் இருந்தது.

இப்போது அந்தப் பஸ் நிறுத்தத்தைப் பாருங்கள். ஜெயகாந்தனின் கதையில் முதலில் நடப்பது தோழிகள் வெளியேறுவது. ஒவ்வொரு பஸ்ஸாக அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. இளைஞனின் கார் வருவதற்கு முன்பே அவள் தனித்துவிடப்படுகிறாள். திரும்பி வந்த பிறகும் அறத்தொடு நிற்க யாருமில்லை. தன் வாயாலேயே, அழுதுகொண்டே, நேரே நற்றாயிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுகதையின் தாய் அந்த உண்மையைத் தன்னோடு நிறுத்திக்கொள்கிறாள். நாவலின் தாய் தெருவுக்கே கேட்கும்படி அதைக் கொட்டிவிடுகிறாள். புதைத்துவிடுவது, அல்லது பறைசாற்றுவது. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி நியாயம் கேட்பது என்ற மூன்றாவது வழி இரண்டு பிரதிகளிலும் இல்லை.

சிறுகதையின் தாய்தான் முற்போக்கானவள், மனிதாபிமானி என்று இத்தனை ஆண்டுகளாகப் பாடம் சொல்லிவருகிறோம். அவள் மகளைக் காப்பாற்றினாள் என்பதில் ஐயமில்லை. அந்தக் காலத்தில், அந்த வீட்டில், அது பெரிய துணிச்சல். ஆனால் அவள் மகளுக்குத் தந்த மன்னிப்பின் விலையையும் கணக்கிட வேண்டும். இனி இதைப் பற்றிப் பேசாதே என்பதுதான் அந்த விலை. முன்பு வளர்ப்புக்காக மௌனம். இப்போது பாதுகாப்புக்காக மௌனம். தண்ணீரில் எல்லாம் கழுவப்படுகிறது, காரோட்டியவனின் குற்றமும் சேர்த்து. அவனைத் தேட வேண்டும், கேட்க வேண்டும் என்ற எண்ணம் கதையில் யாருக்கும் வரவில்லை.

இந்த இடத்தில் அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையை அருகில் வைத்துப் படிக்கலாம். அங்கே இருப்பவள் இன்னும் சின்னவள், பூப்பெய்தும் வயதினள். அம்மாவை உலகின் அழகாகவே நினைத்து வளர்ந்தவள். தன் உடம்பில் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். ஊரிலிருந்து வரும் அம்மா பாரத்தை நினைத்துச் சலித்து ஒரு வாக்கியம் சொல்கிறாள், அவ்வளவுதான் கொலை. ஜெயகாந்தன் அம்மாவின் வாய்க்குத் தெய்வத்தன்மை கொடுத்தார். அம்பை அதே வாயிலிருந்து அமைப்பின் குரல் வருவதைக் காட்டினார். இரண்டாவது கதையைச் சொல்வது அந்தப் பெண்ணே. காயம் பட்டவள் ‘நான்’ என்று பேசும்போது அம்மாவைப் பற்றிய விவாதம் தானாகவே பின்னுக்குப் போய்விடுகிறது.

ஒரே மௌனம், இரண்டு தீர்ப்பு

அடக்கமான பெண் என்ற அடையாளம் ஒருவகைப் பாதுகாப்பு அல்லவா என்று மாணவிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ‘அக்கினிப் பிரவேசம்’ வாசகர்களில் அவளுக்காக இரங்கியவர்கள் அவளுடைய அடக்கத்தைப் பார்த்துத்தான் இரங்கினார்கள். அவள் வாயாடியாக, சிரித்துப் பேசுகிறவளாக, நல்ல உடை உடுத்தியவளாக எழுதப்பட்டிருந்தால் அந்த இரக்கம் கிடைத்திருக்குமா? பேசாமை அவளுக்கு நற்சாட்சியாக நின்றது.

ஆனால் இந்தச் சாட்சி எல்லாப் பெண்களுக்கும் ஒரேமாதிரி சொல்வதில்லை. கதை வெளிவந்து 6 ஆண்டுகள் கழித்து, 1972இல், மகாராஷ்டிரத்தில் பழங்குடி இனத்தைச் சேர்ந்த பதின்வயதுப் பெண் ஒருத்தி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்புணர்வுக்கு ஆளானாள். மதுரா வழக்கு என்று அது அறியப்படுகிறது. 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. அவள் உடலில் காயமில்லை, அவள் கூச்சலிட்டதாகத் தெரியவில்லை, எனவே வன்முறை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. கதையில் வரும் மேல்சாதிப் பெண்ணின் மௌனம் கபடமின்மைக்குச் சான்று. காவல் நிலையத்தில் பழங்குடிப் பெண்ணின் மௌனம் சம்மதத்துக்குச் சான்று. மௌனம் ஒன்றுதான், பின்னணி வேறு, ஆகவே தீர்ப்பும் வேறு.

1979இல் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய திறந்த மடல் நாடெங்கும் பெண்கள் இயக்கங்களைத் தெருவுக்கு அழைத்து வந்தது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்ற தெளிவான விளக்கம் சட்டத்தில் சேர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதப்பட்ட காலத்தில் சட்டப்படி சம்மத வயது 16. இன்று அது 18. நாவலின் கணக்குப்படி கங்காவுக்கு அப்போது 17 வயது. அதாவது அன்றைய சட்டத்தில் அவன் ‘அவள் மறுக்கவில்லையே’ என்று சொல்லித் தப்பியிருக்கலாம். இன்றைய சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. வகுப்பில் இந்தக் கதையை நடத்தும்போது இந்தத் தகவலைச் சொல்லாமல் விடுவது பாதிப் பாடம் நடத்துவதாகும்.

நம் பக்கத்துப் படைப்பு ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிந்துதான் விழுப்புரம் மாவட்டம் உண்டானது. அந்தத் தென்னார்க்காட்டு மண்ணிலிருந்து எழுதும் இமையத்தின் ‘செடல்’ 2006இல் வெளிவந்தது. ஊருக்கு மழை வேண்டும் என்பதற்காகச் சிறுமியாக இருக்கும்போதே பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடப்படுகிறாள் செடல். பஞ்சத்தில் அவள் குடும்பம் இலங்கைக்குப் போய்விடுகிறது. கோயிலை அண்டித் தனியாக வளரும் அவள் பின்னாளில் கூத்தாடியாகிறாள். அவளும் அதிகம் பேசாதவள்தான். சொன்னதைச் செய்கிறவள், கூப்பிட்ட சாவுக்கும் திருவிழாவுக்கும் போகிறவள். ஆனால் அவளை யாரும் ‘அடக்கமான பெண்’ என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லைப் பெறுவதற்குப் பின்னால் ஒரு வீடு வேண்டும், ஒரு குடும்பம் வேண்டும், மேலான சாதி என்று ஊர் மதிக்கும் ஒரு சாதியும் வேண்டும். ஒருத்தியைப் பெய்யும் மழை தெருவில் தனியாக நிறுத்தியது. இன்னொருத்தியைப் பெய்யாத மழை கோயிலில் தனியாக நிறுத்தியது. முன்னவளுக்காகத் தமிழ்நாடே வாதாடியது. பின்னவளுக்கு நேர்ந்ததற்குச் சம்பிரதாயம் என்று பெயர்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ‘அடக்கம்’ பெண்ணின் குணம் அன்று, சமூகம் சிலருக்கு மட்டும் வழங்கும் பட்டம் என்பது புலப்படும். வழங்கியவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதும் புலப்படும். நாவலில் கங்காவிடமிருந்து அது ஒரே இரவில் பறிக்கப்பட்டது. அண்ணன் அடித்து வெளியே துரத்தினான்.

விழுப்புரத்துக்கு ஓடிவந்த சிறுவன்

ஜெயகாந்தன் விழுப்புரத்தோடு தொடர்புள்ளவர் என்பது இங்குள்ள மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கடலூரில் 1934இல் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளோடு விட்டுவிட்டு, சிறுவனாக விழுப்புரத்துக்கு ஓடிவந்து மாமாவின் பராமரிப்பில் வளர்ந்தார். பொதுவுடைமைக் கருத்துகளும் பாரதியின் எழுத்துகளும் அவருக்கு அறிமுகமானது இங்கேதான். பிறகு சென்னை சென்று கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்தில், தோழர்களிடையே ஆளானார்.

இந்த வரலாற்றை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அதே வயதில் ஒரு பெண் பிள்ளை கடலூரிலிருந்து விழுப்புரத்துக்கு ஓடிவந்திருந்தால் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். சிறுவன் வீட்டைவிட்டு ஓடினால் அது வாழ்க்கை வரலாற்றின் முதல் அத்தியாயம். சிறுமி ஓடினால் அது காவல் நிலையப் புகார். அவன் அறிமுகமில்லாதவர்களிடம் பேசியதும், அவர்களோடு பயணம் செய்ததும், அவர்களிடம் கற்றதும் அவனை எழுத்தாளனாக்கின. அவன் பிற்காலத்தில் படைத்த பெண்ணோ அறிமுகமில்லாத ஒருவனோடு ஒரு மாலை காரில் போனதற்கு ஆயுள் முழுதும் விலை கொடுக்கிறாள்.

ஜெயகாந்தன் இதை அறியாதவர் அல்லர். நாவலில் அவர் கங்காவின் மாமாவாக வெங்குவைக் கொண்டுவருகிறார். தஞ்சாவூர் வக்கீல். துரத்தப்பட்டவளை அழைத்துப்போய்ப் படிக்கவைப்பவர். அவளிடமே தகாத முறையில் நெருங்குகிறவரும் அவர்தான். எழுத்தாளரின் சொந்த வாழ்வில் மாமா வீடு உலகத்தைத் திறந்துவிட்டது. அவருடைய நாயகிக்கு மாமாவின் ஆதரவு இன்னொரு பொறியானது. ஆணுக்குப் புகலிடமாகும் இடம் பெண்ணுக்கு அப்படியே புகலிடமாவதில்லை என்பதை இதைவிட வெளிப்படையாக எழுத முடியாது.

பேசுவதற்கு ஆன காலம்

சிறுகதையில் பெயரில்லாதவள் நாவலில் கங்கா ஆகிறாள். சிறுகதையில் படர்க்கையில் இருந்தவள் நாவலில் ‘நான்’ என்று பேசுகிறாள். இடையில் கதைக் கணக்கில் 12 ஆண்டுகள். படித்து, பெரிய வேலைக்குப் போய், யாரையும் அண்டவிடாமல் ஒதுங்கி வாழும் பெண்ணாக அவள் நம் முன்னே வருகிறாள். இப்போதும் அவள் அதிகம் பேசாதவள்தான். ஆனால் இந்த மௌனம் பழைய மௌனம் அல்ல. முன்னது பிறர் சுமத்தியது. இது அவளே எழுப்பிக்கொண்ட சுவர். வெளியே பார்ப்பவர்களுக்கு இரண்டும் ‘அமைதியான சுபாவம்’. உள்ளே ஒருத்தி எரிச்சலோடும் கிண்டலோடும் கூர்மையோடும் உலகத்தை அளந்துகொண்டிருக்கிறாள் என்பது அவள் ‘நான்’ என்று பேசத் தொடங்கியதால் மட்டுமே நமக்குத் தெரிகிறது. ‘பணிவான, அமைதியான பெண்’ என்று நாம் எழுதிக் கடந்துபோகும் எந்தப் பெண்ணுக்குள்ளும் இப்படி ஒரு குரல் இருக்கக்கூடும்.

அந்தக் குரலைக் கேட்க 12 ஆண்டுகள் ஆக வேண்டுமா என்பதுதான் நம் கவலை. நாவலில் கங்கா, தன் கதையை ஒரு எழுத்தாளர் தாய் மன்னித்ததாக மாற்றி எழுதியிருப்பதைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன் வாழ்க்கை, வேறு ஒருவரின் முடிவோடு அச்சேறியிருக்கிறது. பெண்ணின் அனுபவத்தை ஆண் பரிவோடு எழுதும்போதும் என்ன நேர்கிறது என்பதை ஜெயகாந்தன் தன்னையே கூண்டில் ஏற்றிக் காட்டிய இடம் அது. அவர்மீது எனக்கு மதிப்புக் கூடிய இடமும் அதுவே.

இன்று நம் மாணவிகளுக்குப் பயண வசதி கூடியிருக்கிறது. 2021 முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. பஸ் காசுக்காக அண்ணனிடம் கை நீட்டி நிற்கும் நிலை மாறியிருக்கிறது. ஆனால் கடைசி பஸ் தவறினால் என்ன செய்வது என்ற கேள்வி மாறவில்லை. ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் எப்படி மழை கொட்டும் என்பது தெரிந்ததே. 2024 ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பெய்தது. சாதாரண மழை நாளில்கூடத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் மரக்காணம் பக்கமோ செஞ்சி பக்கமோ போக வேண்டிய பெண்கள் இருட்டும் வரை நின்றுகொண்டிருப்பார்கள். எப்போதும் யாரோ ஒருவர், ‘வாம்மா, அந்தப் பக்கம்தான் போறேன்’ என்பார். பத்தில் ஒன்பது பேர் நல்ல மனத்தோடு கேட்பவர்களாக இருக்கலாம். அவர்களிடமும் தயங்காமல் ‘வேண்டாங்க’ என்று சொல்லப் பழக வேண்டும். சொன்னதற்காக மரியாதை கெட்டவள் என்று பெயர் வந்தால் வரட்டும்.

மறுப்பதைப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் ‘ஏன் ஏறினாள்’ என்ற பழைய குற்றச்சாட்டுக்கே திரும்பிவிடுவோம். மறுத்தும் கேட்காதவன் இருக்கிறான். மறுக்க முடியாத இடத்தில், வேலை கொடுப்பவனாகவும் பாடம் சொல்பவனாகவும் உறவினனாகவும் இருக்கிறவன் இருக்கிறான். குற்றம் எப்போதும் செய்தவனுடையது. பெண் மறுத்தாளா, எவ்வளவு சத்தமாக மறுத்தாள் என்பதை வைத்து அதை அளக்கக் கூடாது. மறுக்கும் சொல்லை நாம் கற்க வேண்டியது நம்முடைய பாதுகாப்புக்கு மட்டும் அன்று. நமக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது என்பதை நாமே முதலில் கேட்பதற்காக.

தொல்காப்பியத்தில் அச்சம், நாணம், மடம் என்ற மூன்றையும் மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவி இல்லை. அதே தொல்காப்பியம் பொருளியலில் பெண்ணுக்குரிய ஆறு குணங்களை வேறொரு பட்டியலாகத் தருகிறது. செறிவு, நிறைவு, செம்மை, செப்பு, அறிவு, அருமை. நான்காவதாக இருப்பது செப்பு. செய்ய வேண்டியதைச் சொல்லத் தெரிந்திருத்தல். அச்சத்தையும் நாணத்தையும் மேடைதோறும் முழங்கிய மரபு இந்தச் சொல்லை ஏனோ நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அந்தப் பட்டியலில் அறிவுக்கு முன்பாகவே அது நிற்கிறது.

உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில், எதைக் கேட்டாலும் ‘சரிங்க மேம்’ என்று மட்டும் சொல்லும் பெண் ஒருத்தி இருப்பாள். அவளை நல்ல பெண் என்று பாராட்டி விட்டுவிடாதீர்கள். மழை நாளில் உங்கள் பஸ் முதலில் வந்தால் அவளும் ஏறிவிட்டாளா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவளுடைய பஸ் வரும் வரைக்கும் கூட நிற்க முடிந்தால் நில்லுங்கள். அவள் எப்போதாவது ஏதாவது சொல்ல வந்தால், தண்ணீர் ஊற்றிக் கழுவ அவசரப்படாமல், முழுவதும் சொல்லி முடிக்க விடுங்கள்.